வாடைக் காலத்தில் அனுப்ப வேண்டிய கடிதங்கள்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்புத் தங்கச்சிக்கு,

ரொறன்ரோவில் இருந்துகொண்டு எங்கள் விடுதியின் பேஸ்புக், இன்ஸ்டகிராம் பக்கங்களை நீ வடிவாக நடத்துகிறாய். உன் படங்களைப் பார்த்து அறை கேட்டு வருகிறவர்கள் கன பேர். இப்போது உன்னிடம் இன்னொரு வேலையும் கேட்கிறேன். பக்கத்தைப் பார்க்கிறவர்களின் ஈமெயில் முகவரிகளை அவர்கள் விருப்பத்தோடு சேர்த்து, மாதம் ஒரு கடிதம் அனுப்ப வேண்டும்.

பக்கம் ஒன்றே போதாதா என்று கேட்பாய். 2019 ஏப்ரலை நினைத்துப் பார். 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தவுடன் அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் எல்லாவற்றையும் தடுத்தது. மாத முடிவில்தான் திரும்பத் திறந்தார்கள். எங்கள் கரையில் சீசன் தொடங்குகிற நேரம் அது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்திருந்ததால், கிழக்குக் கரைக்கு வர இருந்தவர்களுக்குப் பயம் இன்னும் கூட. பிள்ளைகளோடு வரலாமா, பாதை திறந்திருக்கிறதா என்று ஆட்கள் அறிய விரும்பிய அந்த நாட்களில், விபிஎன் இல்லாமல் இங்கிருந்து பக்கத்தில் ஒரு வரி போட வழியில்லை. ஆனால் தடை ஈமெயிலுக்கு இருக்கவில்லை. விருந்தினரின் முகவரியைக் கையில் வைத்திருந்தவர்கள் நேரே எழுதலாம், பதிலும் வாங்கலாம்.

அது ஒரு தடவையோடு முடியவும் இல்லை. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் இதே தடை வந்தது. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி பேஸ்புக் நிறுவனத்தின் சொந்தப் பிழையாலேயே அதன் எல்லாச் செயலிகளும் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் உலகம் முழுக்க நின்றுபோயின. சாதாரண நாளிலும் நீ போடுகிற படம் பின்தொடர்கிற எல்லோருக்கும் போய்ச் சேர்வதில்லை. யாருக்குக் காட்டுவது என்று முடிவெடுப்பது அந்த நிறுவனம்தான்.

அதற்காகப் பக்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. எங்களைத் தெரியாத ஒருவர் எங்களை முதலில் காண்பது அங்கேதான். நீலத் திமிங்கிலத்தின் வாலைக் கண்டதும் அவர் நின்று பார்ப்பார். ஆனால் அது ஏன் கரைக்கு இவ்வளவு கிட்ட வருகிறது என்று படம் சொல்லாது. எங்கள் துறைமுக வாசலிலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்குத் தொடங்குகிறது. அதனால்தான் கோணேசர் மலையில் நின்றே சில நாட்களில் திமிங்கிலம் நீர் பீச்சுவதைக் காணலாம். தெற்கே மிரிஸ்ஸவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை திமிங்கிலம் பார்க்கும் காலம். இங்கே மே முதல் செப்டெம்பர் வரை. இது தெரியாமல் மார்கழி மழையில் இங்கே வந்து, கரையில் ஏற்றிவைத்த படகுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வெளிநாட்டவர்களைக் கண்டால் எனக்கு மனம் கேட்பதில்லை.

ஆகவே "எந்த மாதம் எந்தக் கரை" என்று ஒரு சின்னக் கையேடு எழுதுவோம். புறாமலைத் தீவில் பவளப்பாறையை மிதிக்காமல் நீந்துவது எப்படி என்பதும் அதில் வேண்டும். பக்கத்தின் முகப்பில் இணைப்புப் போடு. ஈமெயில் கொடுக்கிறவருக்குக் கையேடு உடனே போகட்டும், மாதக் கடிதமும் வரும் என்று அங்கேயே சொல்லிவிடு. கடிதத்துக்கு வருகிற பதிலில் ஒரு நல்ல கேள்வி இருந்தால், அதற்கான விடையைப் பக்கத்தில் படத்தோடு போடு. விருந்தினர் எடுத்த படங்களையும் அவர்களிடம் கேட்டு வாங்கிப் போடலாம். இப்படி ஒன்று மற்றதுக்கு ஆள் சேர்க்கும்.

விடுதிப் பதிவேட்டில் கடவுச்சீட்டு இலக்கத்தோடு எழுதித் தந்த முகவரிகளை மட்டும் தொடாதே. அவர்கள் அதைத் தந்தது தங்குவதற்காக. முகவரிப் பட்டியல் விற்கிறவர்களிடமும் போகாதே. எங்கள் நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஐரோப்பியச் சட்டமும் சம்மதம் கேட்கச் சொல்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்பதுதான் மரியாதை. ஸ்பாம் என்று குறிக்கிறவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேருக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது ஜிமெயிலின் விதி. கேளாமல் அனுப்பினால் அந்த எல்லையைக் கெதியாகத் தாண்டிவிடுவோம். விலகிக்கொள்ளும் இணைப்பு ஒவ்வொரு கடிதத்திலும் கண்ணில் படும்படி இருக்கட்டும். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நம்பாதே. 2021க்குப் பிறகு ஐபோனின் மெயில் செயலி, ஆள் வாசிக்காமலே திறந்ததாகக் காட்டக்கூடும். எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று எண்ணு.

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் சனத்துக்கு ஆடி, ஆவணியில்தான் பள்ளிக்கூட விடுமுறை. கடல் அமைதியாக இருக்கிற காலமும் அதுதான். ஆனால் குடும்பமாக வருகிறவர்கள் ரிக்கெற்றைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவது தை, மாசியில். அப்போது இங்கே வாடைக்காற்று, பக்கத்தில் போடப் புதுப் படமும் இருக்காது. கடிதத்துக்கு அது தடையில்லை. கன்னியா வெந்நீரூற்றைப் பற்றி எழுதலாம், கோணேசர் கோவிலைப் பற்றி எழுதலாம், ஊர் மழையைப் பற்றி எழுதினாலே போதும், எங்கள் ஆட்கள் கடைசி வரி வரை வாசிப்பார்கள்.

கையேட்டை நான் தமிழில் எழுதுகிறேன், ஆங்கிலத்தில் நீ எழுது. விடுதியின் பெயரில் சொந்த ஈமெயில் முகவரி ஒன்றை இந்தக் கிழமையே பதிந்துவிடு. முதல் கடிதம் தைப்பொங்கலுக்கு முன் போக வேண்டும்.

அன்புடன்,
அக்கா