மதனகாமப்பூ மரம்

சைக்கஸ் மரத்தைப் பார்ப்பவர்கள் அதைக் குட்டை ஈச்சை என்று எண்ணிக்கொள்வது வழக்கம். ஈச்சைக்கும் அதற்கும் உறவே இல்லை. அது பூப்பதில்லை. நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்கப்படுவதும் பூவல்ல, ஆண் மரத்துக் கூம்பின் காய்ந்த செதில்.

இலங்கையின் உலர் வலயத்துக்குரிய இனம் சைக்கஸ் நாத்தோர்ஸ்டியை. 1932இல் ஜெர்மனியரான ஷூஸ்டர் இதை விவரித்து, சுவீடனின் தொல்தாவர ஆய்வாளர் நாத்தோர்ஸ்ட்டின் பெயரைச் சூட்டினார். தென்னிந்தியாவிலும் இது வளர்கிறது.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் காலநிலை இதற்குத் தோதானது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை. பெரும்பகுதியும் ஒக்டோபர் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு கச்சான் காற்றும் வெயிலும்தான். தண்டில் சேமித்த மாச்சத்தையும் நீரையும் கொண்டு மரம் அந்த மாதங்களைக் கடத்துகிறது. மண்ணின் மேற்பரப்பை ஒட்டிப் பவளம்போல் கிளைத்த வேர்முடிச்சுகளில் நீலப்பச்சைப் பாசி குடியிருந்து காற்றின் நைதரசனைப் பிடித்துத் தருவதால், சத்தற்ற மணலும் அதற்குப் போதும்.

சைக்கஸின் உறவு மரங்களில் தென்னமெரிக்காவில் இருப்பது ஸாமியா பேரினம் மட்டுமே. ஸாமியா ரோஸ்லி, கொலம்பியாவின் சோக்கோ மழைக்காட்டில், ஆண்டு முழுதும் ஈரம் வற்றாத நிழலில் வளர்வது. அதற்கேற்ற ஈரப் பக்குவத்தை உலர் வலய மரத்துக்குச் செய்வது தவறு. நித்தம் தண்ணீர் ஊற்றினால் தண்டின் அடி அழுகிப்போகும். வறட்சியில் சாவதைவிட அன்பில் சாவதே அதிகம் என்று சொல்லலாம்.

கவனம் வேண்டியது குருத்து விடும் நாட்களில். சிற்றிலைகள் ஒவ்வொன்றும் கடிகாரச் சுருள்போல் சுருண்டு, வெல்வெற்றுத் துணிபோல் மிருதுவாக வெளிவரும். சின்னஞ்சிறு நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று அந்தக் குருத்தைத் தேடி வந்து முட்டையிடும். புழு சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைச் சுற்றிக் காவல் நிற்கும். சில நாட்களில் குருத்து வெறும் ஈர்க்காகிவிடும். இலை முற்றிவிட்டால் புழு அதைத் தொடாது.

விதை நஞ்சு. பல நாள் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவி மாவாக்கி உண்ணும் பழக்கம் இலங்கையில் இருந்தது. ஆனால் அதிலுள்ள சைக்கசின் ஈரலைக் கெடுக்கும். இன்று அதைத் தின்னவேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

ஆணா பெண்ணா என்பது முதல் கூம்பு வரும்வரை தெரியாது. அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். விதை வேண்டுபவர் ஒரு கன்றோடு நிறுத்தாமல் நாலைந்து நடவேண்டும்.