12 வயதுப் பிள்ளையும் கேட்கலாம்

ஸ்காட்லாந்தில் 2022 ஜனவரி 31 முதல் 5 வயதிலிருந்து 21 வயது வரை உள்ளவர்களுக்குப் பஸ் இலவசம். அதற்கான அட்டைக்காகப் பெயர், பிறந்த தேதி, முகவரி போன்ற விவரங்கள் உள்ளூர் மன்றத்தின் கைக்குப் போகின்றன.

இந்த விவரங்கள் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அங்குள்ள சட்டம். 12 வயதான பிள்ளைக்குத் தன் தரவுரிமை பற்றி விவரம் தெரியும் என்றே 2018 தரவுப் பாதுகாப்புச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ‘என்னைப் பற்றி என்னென்ன வைத்திருக்கிறீர்கள்?’ என்று அந்தப் பிள்ளையே மன்றத்துக்கு எழுதலாம். பொதுவாகக் கட்டணம் கிடையாது, ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும்.

ஆனால் நம் விவரங்களை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லும் பல தனியுரிமை அறிவிப்புகளைப் படித்தால் பெரியவர்களுக்கே தலை சுற்றுகிறது. பிள்ளைகளுக்குச் சொல்வது தெளிவாக, எளிமையாக இருக்க வேண்டும் என்று பிரிட்டனின் விதியே சொல்கிறது. மன்றங்கள் முதலில் அதைச் செய்யட்டும்.