கடலுக்கடியில் அரை மணி நேரம்



நம் தோட்டத்து மக்களுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியாததல்ல. குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் வேண்டும்; இறங்கி நீந்த மட்டும் வேண்டாம். "ஆத்துப் பக்கம் போனே, காலை ஒடிச்சிடுவேன்" என்ற மிரட்டலைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை நம்மிடையே உண்டா?

நானும் அப்படி வளர்ந்தவன்தான். நான்காம் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்த தோழன், ஒரு விடுமுறை நாளில் தோட்டத்து எல்லையில் இருந்த ஈயக் குட்டையில் இறங்கினான். மாலையில் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்று லயத்தில் எழுந்த அழுகுரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பின்னாளில் ஆசிரியரான நான், இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு விடுமுறைக்கு முன்னும் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: "தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள்!"

அப்படிப்பட்ட நான், சென்ற மே மாத விடுமுறையில் கடலுக்கடியில் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மகள். எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றால் கேட்டதைத் தருவேன் என்று வாய்விட்டுவிட்டேன். கைத்தொலைபேசி கேட்பாள் என்று நினைத்தேன். அவளோ, "கடலுக்கடியில போய்ப் பாக்கணும்பா" என்றாள். என் மனைவி சாமி படத்தைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே!

பேராக்கிலிருந்து மூவரும் மைத்துனரின் காரில் புறப்பட்டோம். கிரிக்கிலிருந்து ஜெலிக்குச் செல்லும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982இல் திறக்கப்பட்டது. காடும் மலையும் தெமெங்கோர் ஏரியும் மாறி மாறி வர, யானைகள் குறுக்கே வரக்கூடும் என்ற அறிவிப்புப் பலகைகளையும் கடந்து, பிற்பகலில் திரெங்கானு மாநிலத்துக் கோல பெசுட் படகுத்துறையை அடைந்தோம். அங்கிருந்து விசைப்படகில் முக்கால் மணி நேரத்தில் பெர்ஹெந்தியான் தீவு. பெரியது ஒன்று, சிறியது ஒன்று என இரு தீவுகள். 'பெர்ஹெந்தியான்' என்றால் நிற்குமிடம். முற்காலத்தில் கடல் வணிகர்கள் தங்கிச் சென்ற இடமாம். கார் ஓடும் சாலை அங்கே இல்லை. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகவும் படகுதான்.

சிறிய தீவில் முக்குளிப்பு கற்றுத்தரும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நாங்கள் போனது அவற்றில் மிகச் சிறியது. தகரக் கூரை போட்ட ஒரு பலகைக் கொட்டகை, இரண்டு படகுகள், காற்றடைக்கும் இயந்திரம் ஒன்று, சுவரோரம் பத்துப் பன்னிரண்டு காற்று உருளைகள். நடத்துபவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மலாய்க்காரர். முன்பு மீன் பிடித்தவர். பெயரை எழுதினால் விளம்பரமாகிவிடும்; நாங்கள் அழைத்தது போல 'பாங்' என்றே சொல்கிறேன். என் தொழிலைக் கேட்டதுமே அவர் என்னைச் 'சிக்கு' என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்.

மகளைத் தனியே அனுப்ப மனமில்லாமல், எனக்கும் சேர்த்துத் தலைக்கு 250 வெள்ளி கட்டினேன். பாங் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். உடல்நலம் பற்றிய கேள்விகள். மகளுக்குப் பதினெட்டு நிறையாததால் அவளுடையதையும் நானே நிரப்பினேன். இதய நோய்? இல்லை. வலிப்பு? இல்லை. ஆஸ்துமா?

என் பேனா நின்றது. சிறு வயதில் அவளுக்கு இழுப்பு இருந்தது. நள்ளிரவில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஆனால் மூன்றாம் வகுப்புக்குப் பிறகு வந்ததில்லையே! இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். இரண்டே நாள் தங்கல். ஆசையோடு நிற்கிறாள். 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டேன்.

பாங் படிவத்தை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "எல்லாம் உண்மைதானே, சிக்கு?" என்று கேட்டார். நான் தலையசைப்பதற்குள் என் மகள் பேசினாள்: "சின்ன வயசுல எனக்கு இழுப்பு இருந்துச்சு, பாங்."

வாசகர்களே, பொய் சொல்லாதே என்று பலகையில் எழுதிப்போடும் கை இது. அந்தக் கை அன்று நடுங்கியது.

பாங் கோபப்படவில்லை. ஒரு பலூனை எடுத்து ஊதிக் காட்டினார். நான் அறிவியல் பாடத்தில் சொல்லிக்கொடுப்பதைத்தான் அவர் தம் மொழியில் சொன்னார். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அங்கே நாம் இழுத்த மூச்சு, மேலே வரும்போது இரண்டு பங்காக விரிகிறது. மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே வந்தால் காற்று தானே வெளியேறிவிடும். இழுப்பு உள்ளவருக்கோ மூச்சுக்குழல் சுருங்கினால் காற்று உள்ளேயே சிக்கிக்கொண்டு நுரையீரலைக் கிழித்துவிடக்கூடும். "டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால் கூட்டிப்போகிறேன். இன்று முடியாது" என்று சொல்லி, அவளுடைய 250 வெள்ளியை மேசைமேல் வைத்தார். அன்று அவர் கடைக்கு வந்திருந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. பாதி வருமானம் போயிற்று.

"அப்படியானால் நானும் போகவில்லை" என்றேன். மகள் விடவில்லை. "நீங்க போங்கப்பா. பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க" என்றாள். அதற்குமேல் மறுக்க எனக்கு வாயில்லை.

முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் பாடம். நம்மில் பலர் அந்த உருளையில் பிராணவாயு இருப்பதாக எண்ணுகிறோம். இல்லை, நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான், சுமார் 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அதை நமக்கு வேண்டிய அளவில், வேண்டிய அழுத்தத்தில் வாய்க்குக் கொடுப்பது ஒரு சிறு கருவி. பிரான்சு நாட்டில் 1943இல் கூஸ்தோ, காஞ்ஞான் என்ற இருவர் உருவாக்கியது. அதைக் கடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்தேன். ஈயக் குட்டை நினைவுக்கு வந்தது. துள்ளி எழுந்துவிட்டேன். இரண்டாம் முறையும் அப்படியே. பாங் சிரிக்கவில்லை, "மெதுவாக, சிக்கு. கடல் எங்கும் ஓடிவிடாது" என்றார். மூன்றாம் முறை மூச்சு வந்தது. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. தண்ணீருக்குள் மூச்சு விடுகிறேன்!

பிறகு பாங் என் முதுகு உருளையைப் பிடித்தபடியே மெல்ல ஆழத்துக்குக் கொண்டுபோனார். காது வலிக்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊத வேண்டும். இல்லையேல் செவிப்பறை கெடும். ஐந்தாறு மீட்டர்தான் இறங்கினோம். கோயிலில் கட்டிய என் சிவப்புக் கயிறு பழுப்பாகத் தெரிந்தது. கடல்நீர் முதலில் விழுங்கும் நிறம் சிவப்பு என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

என்ன சொல்ல! பவளப்பாறை என்கிறோமே, அது பாறையல்ல. கோடானுகோடி சிற்றுயிர்கள் கட்டிய லயம். கடல் சாமந்தியின் விரல்களுக்கிடையே வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் ஒளிந்து விளையாடின. எங்கோ 'கறுக் கறுக்' என்று முறுக்குக் கடிப்பது போன்ற சத்தம். கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும் ஒலி அது. கொறித்ததை அரைத்து மணலாக வெளியே விடுகிறது. நாம் கால் பதித்து நடக்கும் வெண்மணலில் ஒரு பங்கு அந்த மீன் தந்தது! சற்றுத் தள்ளி, ஒரு பச்சை ஆமை கடற்புல்லை மேய்ந்துகொண்டிருந்தது, நம் தோட்டத்து மாடு போலவே, அவசரமில்லாமல்.

மகிழ்ச்சியில் 'நன்று' என்று கட்டைவிரலை உயர்த்தினேன். பாங் உடனே என்னை மேலே கொண்டுபோகத் தொடங்கினார். முக்குளிப்போர் மொழியில் அதற்கு 'மேலே போகலாம்' என்று பொருளாம்! நன்று என்பதற்கு விரல்களை வளையமாக்கிக் காட்ட வேண்டும். பாடத்தைக் கவனிக்காத மாணவன் நான்தான்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். மேலே, வெயில் தகதகக்கும் நீர்ப்பரப்பில், மிதவைச் சட்டையும் முகக்கண்ணாடியும் அணிந்து என் மகள் கவிழ்ந்து மிதந்துகொண்டிருந்தாள். பாங்கின் உதவியாள் அவள் பக்கத்தில் இருந்தார். நான் விட்ட மூச்சு, குமிழி குமிழியாக ஏறி அவள் கைகளுக்கிடையே உடைந்தது. அவள் அவற்றைப் பிடிக்கப் பார்த்தாள். என் கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தது. அது கடல்நீர் இல்லை.

கரையேறியபின் கெரோப்போக் லெக்கோர் தின்றபடி பாங் பேசினார். சிறு வயதில் ஆமை முட்டையைத் தேடித் தின்றவராம். 2022 முதல் திரெங்கானுவில் எந்த ஆமை முட்டையையும் விற்கக் கூடாது. 1994இல் இத்தீவைச் சுற்றிய கடல், பூங்காவாக அறிவிக்கப்பட்டபின் இங்கே மீன் பிடிக்கவும் தடை. கடல் சூடேறினால் பவளம் வெளுத்துப்போகிறது, 2010இல் நம் நாட்டில் சில முக்குளிப்பு இடங்களைச் சில மாதம் மூடவே நேர்ந்தது, 2024இலும் வெளுத்தது. "பவளத்தின்மேல் ஒருவர் கால் வைத்தாலும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது" என்றார்.

வாசகர்களே, நீங்களும் போக விரும்பினால் மூன்று செய்திகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழைக் காலம், கடல் கொந்தளிக்கும், அப்போது வேண்டாம். நோய் ஏதும் இருந்தால் புறப்படும் முன்பே மருத்துவரிடம் எழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். படிவத்தில் உண்மையை மட்டும் எழுதுங்கள். கேள்வி கேட்காமல் பணத்தை வாங்கிக்கொள்ளும் கடை இருந்தால், அங்கே இறங்காதீர்கள்.

வீடு திரும்பியதும் மகளை மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். நெஞ்சு நோய் நிபுணரைப் பார்க்க நாள் குறித்திருக்கிறார்கள். அவர் ஆம் என்பாரோ, இல்லை என்பாரோ! எதுவானாலும் அதை அப்படியே எழுதுவோம்.

பள்ளியில் நான் சொல்லும் வாசகமும் மாறிவிட்டது. பயந்து ஒதுங்கியவனும் மூழ்குவான், அறியாமல் குதித்தவனும் மூழ்குவான். ஆகவே இப்போது பிள்ளைகளிடம் இப்படிச் சொல்கிறேன்: "தண்ணீர்ப் பக்கம் தனியாகப் போகாதீர்கள். கற்றுத்தருபவரோடு போங்கள்."

வாரம் ஒரு நாள் பட்டணத்து நீச்சல் குளத்தில் நானும் மகளும் நீந்தக் கற்றுக்கொண்டிருக்கிறோம். அவள் என்னை முந்திவிட்டாள்.