முடித்த பக்கமே மூலதனம்



சித்திரக்கதை படித்து வளர்ந்தவர்களிடம் 'இரும்புக்கை மாயாவி' என்று சொல்லிப் பாருங்கள். நாற்பதைக் கடந்தவர் முகத்திலும் ஒரு சிறுவன் எட்டிப் பார்ப்பான். 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்தவர் அந்த மாயாவி. ஆனால் அந்தக் கதையை வரைந்தவர் யார் என்று கேட்டால், நம்மில் பலரும் விழிப்போம். ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஓவியர் அவர். 1962ஆம் ஆண்டு பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் அக்கதை தொடங்கியது. அக்காலத்துப் பிரிட்டிஷ் சித்திரக்கதை இதழ்களில் வரைந்தவர் பெயரை அச்சிடும் வழக்கம் இல்லை. கதாநாயகனை உலகம் அறிந்தது. அவனை உருவாக்கிய கையை அறியவில்லை.

வரைபவரின் பெயரே தெரியாதபோது, அவர் காலையில் எத்தனை மணிக்கு மேசைக்கு வந்தார், ஒரு பக்கத்திற்கு எவ்வளவு உழைத்தார், குடும்பத்தை எவ்வாறு காத்தார் என்பன எங்ஙனம் தெரியும்? ஆதலால்தான் சித்திரக்கதை என்றவுடன் அதை விளையாட்டு என்கிறோம். அதுவும் ஒரு தொழில், அதற்கும் ஒழுங்குமுறை உண்டு என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

இதை நான் ஆராயத் தொடங்கியதற்குக் காரணம், என்னிடம் முன்னர்ப் பயின்ற ஓர் இளைஞர். கல்லூரிப் படிப்பின் இறுதியாண்டில் இருந்த அவர் தம் தந்தையுடன் என் வீட்டிற்கு வந்தார். கையில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம். அதில் ஆறு மாதத்தில் தொடங்கப்பட்ட மூன்று சித்திரக்கதைகள். கோடுகள் உயிரோட்டமாக இருந்தன. ஆனால் மூன்றில் ஒன்றுகூட முடிக்கப்படவில்லை.

"ஹஜ்ரத், இவன் படம் போட்டே பிழைப்பேன் என்கிறான். நீங்களாவது புத்தி சொல்லுங்கள்" என்றார் தந்தை. சிறிய பாத்திரக் கடை நடத்துபவர் அவர். அவர் குரலில் கோபம் இல்லை, அச்சமே இருந்தது.

"மனசு வரும்போது நன்றாக வருகிறது ஹஜ்ரத். பிறகு ஊக்கம் போய்விடுகிறது" என்றார் மகன்.

தந்தையின் அச்சமும் மகனின் குறையும் வெவ்வேறல்ல என்று எனக்குப் பட்டது. ஊக்கம் வந்தால்தான் வேலை செய்ய முடியும் என்பவனை நம்பி எந்தத் தந்தை நிம்மதியாக உறங்குவார்? ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரத்தில் நான் தேடிப் படித்தது, ஜப்பான் நாட்டின் ஒசாமு தெசுகா என்பாரின் வாழ்க்கையை.

1928ஆம் ஆண்டு ஒசாகா மாநிலத்தில் பிறந்தவர் தெசுகா. பூச்சிகளை ஆராய்வதில் பெருவிருப்பம் கொண்ட சிறுவன். ஒரு வண்டின் பெயரையே தம் புனைபெயரில் சேர்த்துக்கொண்டார். பள்ளியில் அவர் வரைந்த சித்திரக்கதையை ஆசிரியர் பறிமுதல் செய்தார். ஆனால் பின்னர் அதைத் திருப்பிக் கொடுத்ததோடு, அவர் வரைவதையும் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டனராம். ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு, அவர் வரலாற்றில் மிகப் பிடித்த இடம் இதுவே. அன்று அந்த நோட்டு கிழிக்கப்பட்டிருந்தால் ஜப்பானியச் சித்திரக்கதையின் வரலாறு வேறாக இருந்திருக்கலாம்.

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சை ஒசாகாவில் நேரில் கண்டவர் அவர். போர் முடிந்தபின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். படித்துக்கொண்டே வரைந்தார். மருத்துவரா, சித்திரக்காரரா என்ற குழப்பம் முற்றியபோது தாயிடம் சென்றார். எது உனக்கு மிகவும் விருப்பம் என்று கேட்டார் தாய். சித்திரக்கதை என்றார் மகன். அப்படியாயின் அதையே செய் என்றாராம் அந்த அம்மையார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தாயின் இசைவு கிடைத்ததும் அவர் மருத்துவப் படிப்பைத் தூக்கி எறிந்துவிடவில்லை. அதையும் முடித்தார், 1961இல் மருத்துவ ஆய்வுப் பட்டமும் பெற்றார். தொடங்கியதை முடிப்பது அவரது இயல்பாகவே ஆகிவிட்டிருந்தது.

1946இல் செய்தித்தாளில் சிறு தொடராகத் தொடங்கியது அவர் தொழில். 1947இல் இன்னொருவருடன் சேர்ந்து உருவாக்கிய 'புதிய புதையல் தீவு' என்னும் மலிவு விலைப் புத்தகம் பெரும் வரவேற்பைப் பெற்றது. 1952இல் 'ஆட்டம்' என்னும் இயந்திரச் சிறுவனை நாயகனாகக் கொண்ட தொடர் தொடங்கியது. 'ஆஸ்ட்ரோ பாய்' என்று உலகம் அறிந்தது அவனைத்தான். 1989இல் தம் அறுபதாம் வயதில் மறையும் வரை தெசுகா வரைந்தவை ஏறத்தாழ 700 படைப்புகள், 1,50,000 பக்கங்கள் என்று கணக்கிடுகின்றனர். 43 ஆண்டுகளுக்கு வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு ஒன்பது பக்கங்களுக்கும் மேல்!

இது எப்படி இயன்றது? அவர் தனியே செய்யவில்லை. கதையையும் முக்கிய உருவங்களையும் அவர் வரைவார். பின்னணிக் கட்டடங்கள், கருமை நிரப்புதல் போன்றவற்றை உதவியாளர்கள் செய்வர். பல இதழ்களுக்கு ஒரே நேரத்தில் எழுதியதால், கெடு நாள் என்னும் சாட்டை எப்போதும் அவர் முதுகின்மீது இருந்தது. இதழ்க்காரர்கள் அவர் வீட்டில் வந்து காத்துக் கிடப்பார்கள். மனநிலை சரியில்லை என்று சொல்ல அங்கே இடமில்லை.

இதிலிருந்து நான் பெற்ற உண்மை ஒன்றே. ஊக்கம் பக்கத்திற்கு முன்னால் வருவதன்று. முடித்த பக்கத்தின் பின்னால் வருவது. பாடம் மனனம் செய்யும் சிறுவர்களிடம் இதை நாள்தோறும் காண்கிறேன். ஆர்வம் பொங்கும் நாளில் பத்துப் பக்கம் பார்த்துவிட்டு ஒரு வாரம் விடுபவன் பின்தங்குகிறான். அன்றன்று அரைப் பக்கம் ஒப்பிப்பவன் முன்னேறுகிறான். ஒப்பித்து முடித்த மகிழ்ச்சியே அவனை மறுநாள் அழைத்து வருகிறது.

ஒரு வாரம் கழித்து அந்த இளைஞர் வந்தபோது இதைச் சொல்லி, ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தேன். பெருங்காவியம் வேண்டாம், எட்டுப் பக்கத்தில் ஒரு கதை. முதல் வாரம் கதையை எழுதி, எந்தக் கட்டத்தில் என்ன நிகழ்கிறது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பிறகு வாரத்திற்கு இரண்டு பக்கம்: பென்சில் கோடு, அதன்மேல் மை, பின்னர்ப் பேச்சு எழுத்துகள். ஐந்து வாரத்தில் கதை முடிந்தாக வேண்டும். கல்லூரிப் படிப்பும் நிற்கக் கூடாது.

ஐந்து வாரம் ஏழு வாரமாயிற்று. ஆயினும் எட்டுப் பக்கங்களும் முடிந்தன. கதை, ஒரு பாத்திரக் கடையில் ஒரு நாள் நடப்பது. ஈயம் பூச வந்த பழைய அண்டா ஒன்று தன் வரலாற்றைத் தானே கூறுகிறது. கடையில் வாடிக்கையாளர் இல்லாத மதிய வேளையில் தந்தை அதை இருமுறை படித்தாராம். "அண்டாவுக்கு வளையம் இந்த இடத்தில் வராது" என்று ஒரு திருத்தமும் சொன்னாராம். பிழைப்பைப் பற்றிய அவரது கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் மகன் கனவு காண்பவன் மட்டுமல்லன், முடிப்பவனும்தான் என்பதை அவர் தம் கண்ணால் கண்டுவிட்டார். அடுத்த கதை தொடங்கிவிட்டது.

வாசகர்களே, முடிப்பது மட்டும் போதுமா? போதாது. தெசுகாவே இதற்கும் சான்று. 1963ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் 'ஆட்டம்' தொலைக்காட்சிக்கு வந்தான். வாரந்தோறும் அரை மணி நேரம் ஒளிபரப்பான ஜப்பானின் முதல் கார்ட்டூன் தொடர் அது. ஆனால் செலவைவிடக் குறைந்த விலைக்கு அதை ஒப்புக்கொண்டார். அதனால் விளைந்த நெருக்கடி அவரது படநிறுவனத்தை நெடுங்காலம் வாட்டியது. 1973இல் அந்நிறுவனம் திவாலானது. இளைஞர்களின் சுவையும் மாறிவிட்டது; தெசுகாவின் காலம் முடிந்தது என்றே பலரும் பேசினர்.

அவ்வாண்டே ஒரு வார இதழ் அவருக்கு ஒரு வாய்ப்பளித்தது. சில வாரங்களுக்கான சிறு தொடர் என்றே முதலில் திட்டமிடப்பட்டது. உரிமம் இல்லாத ஓர் அறுவை மருத்துவரின் கதை அது. பெயர் 'பிளாக் ஜாக்'. ஒவ்வொரு வாரமும் சுமார் இருபது பக்கங்களில் ஒரு முழுக்கதை. பயனற்றுப் போயிற்று என்று எண்ணத்தக்க அந்த மருத்துவப் படிப்பு, இருபது ஆண்டுகள் கழித்து அவருக்குக் கைகொடுத்தது. சில வாரம் என்று தொடங்கிய தொடர் பல ஆண்டுகள் நீடித்தது. 1977இல் விருதும் பெற்றது. சித்திரக்காரன் வரைவதற்கு அப்பால் வேறொன்றையும் ஆழ்ந்து கற்றிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

உரிமையைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் 'சூப்பர்மேன்' என்னும் பாத்திரத்தைப் படைத்து, 1938இல் வெறும் 130 டாலருக்கு அதன் முழு உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டனர். பிறர் அதனால் கோடிகள் ஈட்டினர். 1975இல்தான், பொதுமக்களின் கண்டனத்திற்குப் பிறகு, ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், படைத்தவர் என்ற பெயரும் அவர்களுக்குக் கிடைத்தன. இடையில் கழிந்தவை 37 ஆண்டுகள். தூரிகை பிடிக்கும் கை, கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தைப் படிக்கவும் பழக வேண்டும். ஒரு முறைக்கு மட்டும் அச்சிடும் உரிமையா, என்றென்றைக்குமான உரிமையா என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. கடையில் பாத்திரம் விற்பவர் எடையைச் சரிபார்ப்பது போன்றதே அது.

இறுதியாக, உடல். தெசுகா உறக்கத்தைச் சுருக்கி உழைத்தவர். வயிற்றுப் புற்றுநோயால் மருத்துவமனையில் கிடந்தபோதும் வரைந்தார். 1954இல் தொடங்கிய 'நெருப்புப் பறவை' உள்ளிட்ட பல படைப்புகள் முற்றுப்பெறாமலே நின்றன. அவரது நோய்க்கு இன்னதுதான் காரணம் என்று நாம் கூறுவதற்கில்லை. ஆயினும் அவரது பக்கக் கணக்கை வியக்கும் இளைஞர், அதை அப்படியே தமக்கு இலக்காக வைத்துக்கொள்ளத் தேவையில்லை. நாளொன்றுக்கு ஒன்பது பக்கம் ஓர் அரிய மனிதரின் அளவு. வாரத்திற்கு இரண்டு பக்கம் நம் பிள்ளைகளின் அளவு. ஆண்டொன்றுக்கு அதுவே நூறு பக்கமாகும், ஒரு புத்தகமாகும்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்து வைத்திருந்தால், உடனே கிழித்துவிடாதீர்கள். உடனே கலைஞன் என்று கொண்டாடவும் வேண்டாம். "இந்தக் கதையின் முடிவு என்ன?" என்று மட்டும் கேளுங்கள். முடிவை அறிய நீங்கள் காத்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால், அதை முடிக்கும் ஊக்கம் அந்தப் பிள்ளைக்குத் தானாகவே வரும்.