504 பைட் எதிர்காலம்

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடிய காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் கம்பெனி பஸ்ஸும் பாம்பு விளையாட்டும் தவறாமல் வந்துவிடும். பாம்புக்குக் கிடைத்த புகழில் பாதிகூடக் கிடைக்காத இன்னொரு விளையாட்டும் அந்தக் காலத்து நோக்கியா போன்களில் இருந்தது: ஸ்பேஸ் இம்பாக்ட். இடது ஓரத்தில் ஒரு சின்ன விண்கலம். வலப்பக்கத்திலிருந்து பூச்சியா எந்திரமா என்று சொல்ல முடியாத உருவங்கள் சாரிசாரியாக வரும். சுட்டுக்கொண்டே போனால் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் பெரிய எதிரி ஒன்று வழிமறித்து நிற்கும். அந்த உலகத்தில் மனித முகம் ஒன்றுகூடக் கண்ணில் படாது. எல்லாம் முடிந்து எந்திரங்கள் மட்டும் மிஞ்சிய காலம் போல இருக்கும். கையடக்கக் கருவிகளில் வந்த சண்டை விளையாட்டுகளில் பெரும்பங்கு இப்படிக் கெட்டுப்போன ஏதோவொரு எதிர்காலத்தில்தான் நடக்கிறது. அந்த எதிர்காலத்தை யார் எழுதினார்கள் என்று தேடத் தொடங்கிய எனக்கு, கதாசிரியர்களைவிடத் திரை செய்தவர்களும் விலை போட்டவர்களும்தான் அதிகம் அகப்பட்டார்கள்.

முதலில் நம் ஊர்க் கணக்கை முடித்துவிடலாம். 2005இல் தமிழக அரசோடு ஒப்பந்தம், 2006 தொடக்கத்தில் உற்பத்தி, 2014 நவம்பர் 1 அன்று நிறுத்தம். இந்த எட்டேமுக்கால் வருடத்தில் அந்த ஆலையின் பிழைப்பு பெரும்பாலும் விலை குறைந்த அடிப்படை போன்களை நம்பித்தான் நடந்தது. ஸ்பேஸ் இம்பாக்ட் அதற்கு முன்பே பிறந்துவிட்டது. 2000இல் வந்த நோக்கியா 3310இல் அது இருந்தது. ஆகவே, விளையாட்டு ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தது என்று சொல்ல வழியில்லை. ஆனால் அது நீடித்த கதையில் நமக்குப் பங்குண்டு. ஜப்பானில் வண்ணத்திரை போன்கள் பரவிவிட்ட பிறகும், 2003இல், தூசு புகாத கீபேடும் டார்ச்சும் வைத்து நம்மைப் போன்ற சந்தைகளுக்காக வந்த நோக்கியா 1100 கறுப்பு வெள்ளைத் திரையோடுதான் வந்தது. அதன் 96க்கு 65 புள்ளித் திரையில் ஸ்பேஸ் இம்பாக்ட் பிளஸ் என்ற பெயரில் பழைய விண்கலமே பறந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. மற்ற இடங்களில் மூட்டைகட்டி வைத்த திரை இங்கே இன்னும் சில ஆண்டுகள் உயிரோடு இருந்ததற்கு ஒரே காரணம் விலை. இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், விளையாட்டின் கதைக்கும் அதுவே காரணம் என்று தெரிகிறது.

அந்தத் திரையைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். நோக்கியா 5110, 3310 வகைத் திரை 84க்கு 48 புள்ளிகள், மொத்தம் 4,032. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு, அல்லது காலி. சாம்பல் நிறம்கூடக் கிடையாது. திரை முழுவதையும் நினைவில் வைத்துக்கொள்ள 504 பைட் போதும். 5110இன் திரை இன்றும் விற்பனையில் இருக்கிறது; எலக்ட்ரானிக்ஸ் புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் சென்னை ரிச்சி தெருவில் ‘நோக்கியா எல்சிடி’ என்று கேட்டு வாங்குவது அதைத்தான். பத்துப் புள்ளி உயரத்தில் அதில் ஒரு மனிதனை வரைந்து பாருங்கள். தலைக்கு இரண்டு மூன்று, உடம்புக்கு நாலு, காலுக்கு மிச்சம். அவன் கிழவனா இளைஞனா, பயந்தவனா கோபக்காரனா, நம்மவனா எதிரியா என்று சொல்ல ஒரு புள்ளிகூட மீதமிருக்காது. அதே பத்துப் புள்ளியில் ஓர் எந்திரத்தை வரைவது சுலபம். ஒரு கட்டி, இரண்டு கொம்பு, முன்னால் ஒரு குழல். எப்படி வரைந்தாலும் எந்திரம் எந்திரம்தான், ‘இப்படியா இருக்கும்?’ என்று யாரும் கேட்க மாட்டார்கள். போதாததற்கு, அந்தக் காலத்து எல்சிடியில் புள்ளி கறுத்து மறைய நேரம் எடுக்கும். வேகமாக நகரும் உருவம் பின்னால் ஒரு நிழலை இழுத்துக்கொண்டே போகும். பின்னணியில் ஊர், மரம், கூட்டம் என்று எதையாவது நிரப்பி நகர்த்தினால் எல்லாம் கலங்கி ஒன்றாகிவிடும். அதனால் பின்னணியை முடிந்தவரை காலியாக விட்டார்கள். பாழ்வெளி என்று நமக்குத் தோன்றுவதில் பாதி, திரவப் படிகத்தின் சோம்பேறித்தனம்.

இது என் ஊகம் மட்டுமென்றால் தள்ளிவிடலாம். 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக ஸ்பேஸ் இன்வேடர்ஸைச் செய்த டோமோஹிரோ நிஷிகாடோ இதே வழியாகத்தான் வேற்றுக்கிரக எதிரிகளிடம் போய்ச் சேர்ந்தார். டாங்கி, விமானம், மனித வீரன் என்றெல்லாம் முயன்று பார்த்திருக்கிறார். விமானத்தின் அசைவு அந்த இன்டெல் 8080 சில்லில் இயல்பாக வரவில்லை. மனிதன் நன்றாக வந்தும், மனிதனைச் சுடுவது சரியல்ல என்று கைவிடப்பட்டது. எதிரிகள் குறையக் குறைய ஆட்டம் வேகமெடுக்குமே, அதுவும் முதலில் திட்டமிட்டு வைத்ததல்ல. வரைய வேண்டியவை குறைந்ததால் சில்லுக்கு மூச்சு வந்தது, அவ்வளவுதான். நின்டெண்டோவின் குன்பேய் யோகோய் இந்தப் பற்றாக்குறையை ஒரு கொள்கையாகவே ஆக்கிக்கொண்டார். கால்குலேட்டர் போட்டியில் மலிந்துபோன எல்சிடியை எடுத்து 1980இல் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியைச் செய்தார். 1989இல் கேம் பாய் வந்தபோது அதே ஆண்டில் வந்த அட்டாரி லிங்க்ஸ் வண்ணத்தில் மின்னியது. கேம் பாய்க்கு நான்கு பென்டார்ச் பேட்டரியும் நான்கு பச்சைச் சாயலும்தான். ஆனால் லிங்க்ஸ் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தது. எது விற்றது என்று சொல்லத் தேவையில்லை.

ஹாலிவுட்டை மறந்துவிட்டாயே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 1979இல் ‘ஏலியன்’, 1982இல் ‘பிளேட் ரன்னர்’, 1984இல் ‘டெர்மினேட்டர்’. இந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே விளையாட்டு எழுதினார்கள்? மறுக்கவில்லை, ஜப்பானிய நிறுவனமான கோனாமியின் விளையாட்டுகளில் ஏலியன் படச் சாயல் இல்லாததைத் தேடத்தான் வேண்டும். ஆனால் கதைதான் வேர் என்றால், கதையைப் பிடுங்கினால் செடி வாட வேண்டும். வாடவில்லை என்பதற்குக் கோனாமியே சாட்சி. 1987இல் வந்த ‘கான்ட்ரா’வின் ஜப்பானியக் கதை 2633ஆம் ஆண்டில் நடக்கிறது. அமெரிக்காவில் வீட்டு கன்சோலுக்கு வந்தபோது அதைச் சமகாலத் தென்னமெரிக்கக் காட்டுக்கு மாற்றி விளக்கப் புத்தகத்தில் அச்சிட்டார்கள். அறுநூறு ஆண்டுகள் காணாமல் போயின. ஆட்டக்காரர் யாருக்கும் உறுத்தவில்லை. 1991இல் கேம் பாய்க்கு வந்த அதன் தம்பி, ‘ஆபரேஷன் சி’, இன்னும் ஒரு படி மேலே போனது. ஐரோப்பாவில் அது ‘புரோபொடெக்டர்’ என்று பெயர் மாறியது. இளையோர் பார்வைக்கான ஜெர்மானியக் கட்டுப்பாடுகளுக்கு அஞ்சி, துப்பாக்கி ஏந்திய வீரனை அழித்துவிட்டு அவன் இடத்தில் ரோபோவை நிறுத்தினார்கள். நாயகனே எந்திரமானான். எகிறிக் குதிப்பதும் குண்டு பறப்பதும் பழையபடியே. கதையை இப்படிச் சட்டையாகக் கழற்றி மாட்ட முடிகிறதென்றால், அது மேலே போர்த்தியதுதான்.

ஒப்பிட்டுப் பார்க்கத் தமிழிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. அதே எண்பதுகளில் சுஜாதா ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ எழுதினார். 2022இல் நடக்கும் கதை. எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர், குழந்தை பெற அரசு அனுமதி, கண்ணுக்குச் சிக்காத தலைவன், ஜீனோ என்ற எந்திர நாய். கெட்டுப்போன எதிர்காலம் என்றால் அதில் ஓர் அரசாங்கம் இருக்க வேண்டும், மனு இருக்க வேண்டும், அனுமதிச் சீட்டுக்குக் காத்திருக்கும் குடிமகன் இருக்க வேண்டும். எழுத்தில் இதற்கெல்லாம் செலவில்லை. அச்சுத்தாளில் ஒரு வரி எழுதினால் ஓர் அரசாங்கமே வந்துவிடும். பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய சுஜாதாவுக்கு 504 பைட்டின் அருமை நன்றாகவே தெரிந்திருக்கும். ஆனால் கதை எழுதும்போது அவர் அதற்குக் கட்டுப்பட வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் அவருடைய எதிர்காலத்தில் ஜனங்கள் நிறைந்திருக்கிறார்கள். கேம் பாயில் அதே கருவின் எலும்புக்கூடு மட்டும் வந்து சேர்ந்தது: எந்திரமும் குழலும்.

ஹாலிவுட் வாதத்தைவிடக் கூர்மையான மறுப்பு பாம்பிடமிருந்து வருகிறது. 1997இல் நோக்கியா 6110க்காக டனேலி அர்மான்டோ எழுதிய அந்த ஆட்டமும் இதே திரையில்தான் ஓடியது. அதில் அழிவும் இல்லை, எந்திரமும் இல்லை. அதன் பூர்வீகமான ‘பிளாக்கேட்’ 1976இலேயே வந்துவிட்டது. கேம் பாயோடு சேர்த்து விற்ற டெட்ரிஸிலும் எதிரி கிடையாது. ஆகவே, சின்னத் திரை இருந்தாலே இருண்ட காலம் வந்துவிடும் என்று சொன்னால் அது பொய். ஆட்டத்தில் சுட வேண்டும் என்று முடிவெடுத்த பிறகுதான் நெருக்கடி தொடங்குகிறது. சுடப்படுவது வரைய எளிதாக இருக்க வேண்டும், சுடுபவனின் மனசாட்சியைக் குத்தக் கூடாது, தணிக்கைக்காரர் கண்ணை உறுத்தவும் கூடாது. மூன்றுக்கும் ஒத்துவருவது எந்திரமும் வேற்றுக்கிரகப் பிராணியும்தான். அவை இரண்டும் உலாவ ஓர் இடம் வேண்டுமென்றால் எதிர்காலம்தான் தோது. பிற்பாடு திரையும் சில்லும் வளர்ந்து, எதை வேண்டுமானாலும் வரையலாம் என்று ஆன பிறகும் அந்த ஏற்பாடு பழக்கமாக ஒட்டிக்கொண்டது.

நம் ஊரைப் பற்றி எழுதும்போது சிலருக்கு ஒரு சபலம் வரும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையே அந்த விளையாட்டு உலகம்தானே என்று முடித்துவிடலாம். ஷிப்ட் பஸ்கள், ஒரே நிற யூனிபார்ம், வல்லம் வடகாலில் 2024இல் திறந்த, 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி. எழுதுவதற்கு வசதியான படம்தான். ஆனால் இதற்கும் ஸ்பேஸ் இம்பாக்ட்டுக்கும் காரண உறவு எதுவும் இல்லை. பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதில், சம்பளத்துக்கும் ஷிப்ட்டுக்கும் சாப்பாட்டுத் தரத்துக்கும் குரல் கொடுக்கத் தெரிந்த பெண்களை ஒரு விண்கல விளையாட்டின் பின்னணியாக்குவது அவர்களுக்கும் நியாயமில்லை, விளையாட்டுக்கும் நியாயமில்லை. ஆலைக்கும் விளையாட்டுக்கும் உள்ள உண்மையான தொடர்பு வேறு, மிகச் சாதாரணமானது. அந்தக் காலத்து ஆட்டம் கடையில் தனியே வாங்குவதல்ல. போனின் மென்பொருளோடு ஒட்டியே வரும். மென்பொருளைப் போனுக்குள் ஏற்றிச் சோதித்து அனுப்புவது ஆலையின் வேலை. எழுதியவன் எங்கிருந்தாலும், பெட்டிக்குள் போகும் போனில் ஆட்டம் ஏறியது உற்பத்தி வரிசையில்தான். 2019இல் சால்காம்ப் அந்த நோக்கியா ஆலையை வாங்கியது. அது சார்ஜர் செய்யும் நிறுவனம். சில மைல் தள்ளிச் சுங்குவார்சத்திரத்தில் ஐபோன்கள் தயாராகின்றன. சார்ஜரில் ஆட்டம் இல்லை. ஐபோனில் வேண்டுமென்பவர் வாங்கிய பிறகு ஆப் ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்கிறார்.