வரதர் நின்று நின்று சென்ற வழி

காஞ்சி மாநகரில் கோயில் கொண்டுள்ள தெய்வங்கள் யாவரும் வீதியுலா கண்டருள்பவர்களே. ஆயினும், ஆண்டுக்கு ஒருமுறை நகரத்தின் எல்லையைக் கடந்து, வயல்களும் ஏரிக்கரைகளும் சூழ்ந்த சிற்றூர்களின் வழியே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவு சென்று, ஒரு மலையின்மீது எழுந்தருள்வது அத்திகிரி அருளாளனாகிய வரதராஜப் பெருமாளின் தனிச் சிறப்பு. தைப்பொங்கல் இரவில் காஞ்சியை விட்டுப் புறப்படும் பெருமாள், முத்தியால்பேட்டை, வாலாஜாபாத் முதலிய ஊர்களைக் கடந்து, மாட்டுப் பொங்கலன்று பாலாற்றங்கரையில் உள்ள பழைய சீவரத்தை அடைகிறார். இதற்குப் பார்வேட்டை உற்சவம் என்று பெயர்.

பத்மகிரி எனப்படும் அம்மலையின் சரிவில் இலட்சுமி நரசிம்மர் ஆலயம் உள்ளது. மலைமேல் உள்ள மண்டபத்தில் வரதருக்குத் திருமஞ்சனம் நடைபெறும். பிறகு வரதரும் நரசிம்மரும் ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் உள்ள திருமுக்கூடலுக்கு எழுந்தருள்வர். அவ்வூர் அப்பன் வேங்கடேசப் பெருமாளோடு, சாலவாக்கம், காவாந்தண்டலம் ஆகிய ஊர்களின் பெருமாள்களும் அங்கே சேர, ஒரே நாளில் ஐந்து பெருமாள்களைச் சேவிக்கும் பேறு அடியார்களுக்குக் கிட்டுகிறது. அத்தி வரதர் அனந்தசரஸ் திருக்குளத்தினுள் எழுந்தருளிய பின்னர், இப்போது மூலவராகத் திகழும் திருமேனி பழைய சீவரத்திலிருந்தே காஞ்சிக்கு வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்த உறவை மறவாமல் ஆண்டுதோறும் பெருமாள் அங்கே எழுந்தருள்கிறார் என்று பெரியோர் கூறுவர்.

சின்ன காஞ்சிபுரத்தில் வாழும் முதிய நெசவாளர் ஒருவர், இளமையில் இந்த உற்சவத்தை ஓர் ஆண்டும் தவறவிட்டதில்லை. பொங்கலன்று இரவு உணவு முடிந்ததும் தோளில் ஒரு துண்டோடு புறப்பட்டுவிடுவார். விடியும்போது மலையடிவாரத்தில் இருப்பார். வழிநெடுக ஊரார் பெருமாளை நிறுத்தி மண்டகப்படி செய்து தீபாராதனை காட்டுவார்கள். அந்த இளைஞருக்கு அதுவரை நிற்கப் பொறுமை இராது. பல்லக்குக்கு முன்னே சென்று, மலைப்படிகளில் முதல் ஆளாக ஏறி, வரதரை எதிர்கொள்வதே அவர் பெருமையாகக் கொண்ட கைங்கரியம்.

ஆண்டுகள் உருண்டன. குழித்தறியில் அமர்பவரின் கைகள் ஓடுவதைப் பலரும் காண்பர். குழிக்குள் மிதிகட்டையை மிதித்துக்கொண்டே இருக்கும் கால்களை எவரும் காண்பதில்லை. ஐம்பது ஆண்டுகள் இருந்த இடத்திலேயே நடந்த அக்கால்கள், எழுபதைக் கடந்தபோது சோர்ந்து போயின. முழங்கால்கள் மடங்க மறுத்தன. ஒரு பொங்கல் இரவில் மேளவோசை தெருமுனையைக் கடந்து தேய்வதைத் திண்ணையில் அமர்ந்தபடியே கேட்டார். அதன் பின்னர் அவர் கோயிலுக்குச் செல்வதையும் குறைத்துக்கொண்டார். "கூட வர முடியாதவன் சந்நிதியில் போய் என்ன முகத்தோடு நிற்பது?" என்பது அவர் கேள்வி. உறவினர் ஆறுதல் சொல்லினர். மருத்துவர் மெல்ல நடந்து பழகுமாறு கூறினார். எதுவும் அவர் மனத்தில் ஏறவில்லை.

அவருடைய துணைவியார் அதிகம் பேசாதவர். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். உடலையும் இரு கரைகளையும் தனித்தனி நாடாக்களால் கோத்து நெய்வது ஒருவரால் ஆகாத காரியம். அத்தனை ஆண்டுகளும் தறியில் கணவரின் அருகே அமர்ந்து மறுகரை நாடாவைத் தள்ளியவர் அவர். கணவரின் வேகமும் தளர்ச்சியும் அவர் அறியாதவை அல்ல. மாசி மாதத்தின் ஒரு காலையில் அவர் சொன்னார்: "பழைய சீவரத்துக்குப் பேருந்து போகிறது. உற்சவ நாளில் போனால்தான் மலையா? இன்றைக்குப் போவோம். வரதர் எங்கெல்லாம் நின்றாரோ, அங்கெல்லாம் நாமும் நிற்போம். நீங்கள்தான் ஒரு மண்டகப்படியையும் பார்த்ததில்லையே."

அந்தச் சொல் முதியவரைத் தைத்தது. பெருமாள் இருபது கி.மீ. தொலைவை ஒரே மூச்சில் கடப்பதில்லை. சீபாதம்தாங்கிகள் தோள் மாற்றுகிறார்கள். ஊர்தோறும் பெருமாள் நிற்கிறார். ஒரு கிழவி நீட்டும் கற்பூரத் தட்டுக்காகவும் நிற்கிறார். அந்த வழி முழுவதும் நிற்பதாலேயே ஆனது. அவ்வாறாயின், நின்று நின்று செல்வது கால் தளர்ந்தவனின் குறையன்று. எம்பெருமான் செல்லும் முறையே அதுதான்.

இருவரும் புறப்பட்டனர். பழைய சீவரத்தில் இறங்கியதும் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாலாறு. மலை பெரிதன்று. ஆயினும் முதியவர் படிகளின் தொடக்கத்திலேயே ஒருமுறை நின்றார். சில படிகள் ஏறி மீண்டும் நின்றார். நின்றபோதெல்லாம் அவர் முன்பு கண்டிராத ஒன்று கண்ணில் பட்டது. பாறை இடுக்கில் வேரூன்றிய செடி, கதிர் முற்றிய வயல், செங்கற்பட்டையும் அரக்கோணத்தையும் இணைக்கும் இருப்புப்பாதை, அகன்ற மணற்பரப்பில் வெள்ளிச் சரிகைபோல் ஒடுங்கி ஓடும் நீர். எத்தனையோ முறை ஏறிய படிகளில், ஆற்றைத் திரும்பிப் பார்த்தது அன்றுதான். நரசிம்மர் சந்நிதியில், திருமகளை மடியில் கொண்ட அப்பெருமானின் முன் அவர் நெடுநேரம் நின்றார். வேண்டிக்கொண்டது என்ன என்று மனைவி கேட்கவில்லை.

மண்டபம் இன்னும் மேலே இருந்தது. அன்று அதுவரை செல்ல இயலவில்லை. அதனை அவர் குறையாகக் கொள்ளவுமில்லை. அவ்விடத்திலிருந்தே மலையுச்சியை நோக்கிக் கைகூப்பிவிட்டு இறங்கினார். இளைப்பாறிய பின், வெயில் தாழ்ந்த வேளையில் பாலாற்றுப் பாலத்தின் வழியே எதிர்க்கரைக்கு மெல்ல நடந்தனர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் அது. காஞ்சி நகரை ஒட்டிச் செல்லும் வேகவதியும் வரதரைப் போலவே இவ்வூரை நாடி வருகிறது என்று துணைவியார் சொல்ல, முதியவர் பல மாதங்களுக்குப் பின் சிரித்தார்.

திருமுக்கூடல் ஆலயத்தில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அது, இக்கோயிலோடு சேர்ந்து வேதக் கல்விச்சாலையும், வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர்சாலையும் இயங்கியதைக் கூறுகிறது. ஆதுலர் என்போர் நோயுற்றோர். 15 நோயாளிகள் தங்குவதற்கு அங்கே இடம் இருந்தது. மருத்துவர், சல்லியக்கிரியை செய்பவர், மருந்து கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோருக்கு ஊதியமும், சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, உடல் தளர்ந்தவனுக்குத் திருக்கோயிலின் நிழலில் கட்டில் இட்டு வைத்த ஊர் இது. அவனை அவ்வூர் புறத்தே நிறுத்தவில்லை. தெய்வத்தின் விருந்தினனாகவே கருதியது. இச்செய்தியை அறிந்த முதியவர் அந்தச் சுவரைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இவ்வழியில் நடக்க விரும்பும் மூத்த அன்பர்கள் உற்சவ நாளின் நெரிசலைத் தவிர்த்து, மார்கழி முதல் மாசி வரையிலான இளவெயில் காலத்தில் செல்வது நலம். காலையிலேயே மலையேறிவிட வேண்டும். வெயில் ஏறினால் படிகள் சுடும். ஆலயங்களின் நடை திறக்கும் நேரத்தை முன்னரே கேட்டறிந்து செல்லவேண்டும். கையில் ஊன்றுகோலும் குடிநீரும், உடன் ஒரு துணையும் இருக்கட்டும். ஒரே நாளில் இரு கரைகளையும் காண இயலாவிடில், ஒரு கரையை மறுநாளுக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை.

அந்த நெசவாளர் இப்போது பொங்கல் இரவில் திண்ணையில் அமர்வதில்லை. காஞ்சி எல்லைக்குள் பெருமாள் நிற்கும் ஓரிடத்தில், மனைவியோடு முன்னரே சென்று, பூமாலையும் கற்பூரமும் ஏந்திக் காத்திருக்கிறார். பல்லக்கு வருகிறது, நிற்கிறது. தீபாராதனை ஆனதும், அவர் வயதில் அவர் இருந்ததுபோலவே இளைஞர்கள் சிலர் பொறுமையின்றி முன்னே விரைகின்றனர். அவர் அவர்களைக் கடிவதில்லை. "மெல்லப் போங்கள் தம்பி, வரதர் எங்கும் ஓடிவிட மாட்டார்" என்று மட்டும் சொல்கிறார்.