முக்கால் அங்குலம்

தமிழ்நாட்டில் கபினி என்றால் செய்தித்தாளில் வரும் கன அடிக் கணக்குதான். வயநாட்டில் மழை பிடித்தால் கபினி நிரம்பும்; உபரி நீரைத் திறப்பார்கள்; பிலிகுண்டுலுவில் அளப்பார்கள்; மேட்டூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் தண்ணீரையே தொழிலாகக் கொண்டு மைசூர் மாவட்டத்தில் ஒரு படகுக் கூட்டம் இருக்கிறது. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு யானை காட்டப் போகிற பைபர் படகுகள். அவற்றின் இஞ்சினை ஏற்றி இறக்கிச் சரிசெய்கிற ஒரு மெக்கானிக்கோடு மே மாதக் கடைசியில் போயிருந்தேன்.

மைசூரிலிருந்து மானந்தவாடி சாலை. ஹேண்ட்போஸ்ட், அந்தரசந்தெ என்று ஊர்கள் கடந்து போக, வெயிலில் சோர்ந்த பருத்தி வயல்கள். அணையின் முழு மட்டம் கடல்மட்டத்திலிருந்து 2,284 அடி. நாங்கள் போனபோது தண்ணீர் வெகுவாக இறங்கி, கரையிலிருந்து வெகுதூரம் புல்வெளியாகிக் கிடந்தது. அந்தப் புல்லுக்காகத்தான் கோடையில் யானைகள் இறங்கி வருகின்றன. வடகரையில் நாகரஹொளெ, தென்கரையில் பந்திப்பூர்.

தண்ணீர் இறங்கினால் யானை மட்டுமா வெளியே வரும்? பட்ட மரங்களும் வரும். இங்கே காக்கனக்கோட்டைக் காட்டில் யானை பிடிக்கும் கெட்டா கடைசியாக நடந்தது 1971-ல். 1974-ல் அணை முடிந்ததும் அந்தக் காட்டின் ஒரு பகுதி நீருக்கடியில் போனது. இத்தனை வருஷமாகியும் அடிமரங்கள் மக்கவில்லை. தலை தெரிகிற மரத்தால் ஆபத்தில்லை. அதன் மேல் நீர்க்காகம் உட்கார்ந்து காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீருக்கு ஓரடி கீழே ஒளிந்திருக்கிற கட்டைதான் ப்ரொப்பெல்லரை முறிக்கும்.

மெக்கானிக் குளச்சல் பக்கத்துக்காரர். அப்பா காலத்தில் வள்ளத்தில் இஞ்சின் ஏறியதைப் பார்த்து வளர்ந்தவர், பிறகு மைசூரில் குடியேறிவிட்டார். “அங்ஙன மண்ணெண்ணெயில ஓட்டுவோம். புகையும் சத்தமும் ஊரைக் கூட்டும். இங்ஙன அந்தக் கதை நடக்காது, யானை ஓடிப்போவும்” என்றார். இங்கே எல்லாம் பெட்ரோலில் ஓடும் ஃபோர் ஸ்ட்ரோக்.

அன்று கரையில் ஏற்றி வைத்திருந்தது இருபதடிப் படகு, நாற்பது குதிரைசக்தி இஞ்சின். ஒரு தங்கும் விடுதிக்காரருடையது. அவர் சொன்ன குறை: ஓடும்போது பின்பக்கம் தண்ணீர் சீறி மேலே வருகிறது, கடைசி இருக்கைக்காரர்கள் நனைகிறார்கள், கைப்பிடி கல்லாகக் கனக்கிறது, பெட்ரோல் கணக்கில்லாமல் குடிக்கிறது. மெக்கானிக் இஞ்சின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. டேப்பை எடுத்து, இஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகையின் உயரத்தை அளந்தார். பதினெட்டரை அங்குலம்.

இந்த இஞ்சின்களில் தண்ணீருக்குள் இறங்கும் காலின் நீளம் உலகம் முழுக்க ஏறத்தாழ ஒரே கணக்கு: பதினைந்து, இருபது, இருபத்தைந்து அங்குலம். இது இருபது அங்குலக் கால். இஞ்சினை வாங்கியவர் ஒருவர், படகு செய்தவர் இன்னொருவர், பின்பலகையை இருபதுக்கு நிறுத்தாமல் ஒன்றரை அங்குலம் குறைத்து வெட்டிவிட்டார்கள். நான் பார்த்தவரையில் இந்தத் தொழிலின் தலைவலியில் பாதி இப்படி இரண்டு தரப்பும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாததால் வருவதுதான்.

பிறகு ஓர் அலுமினிய ஆங்கிளை எடுத்துப் படகின் அடியில், வி வடிவத்தின் நடுக்கோட்டோடு ஒட்டிப் பிடித்து, பின்னால் இஞ்சின் வரைக்கும் நீட்டினார். ப்ரொப்பெல்லருக்கு நேர்மேலே தட்டையாக ஒரு பிளேட்டு இருக்கும். மேற்பரப்புக் காற்று கீழே இறங்காமல் ப்ரொப்பெல்லருக்குக் குடை பிடிப்பது அதுதான். ஆங்கிளுக்கும் பிளேட்டுக்கும் நடுவே டேப்பை வைத்தார். பிளேட்டு அடிமட்டத்துக்கு ஒன்றரை அங்குலம் கீழே இருந்தது. “பாத்துக்கிடுங்க சார், இந்தத் தடிச்ச கால் முழுக்கத் தண்ணிக்குள்ள இழுபடுது. பெறகு சீறாம என்ன செய்யும்?”

அப்படியானால் மேலே ஏற்றிவிட வேண்டியதுதானே? அங்கேதான் வேலையே. ஆழமாக இருந்தால் இழுவை, சாரல், பெட்ரோல் செலவு. அளவுக்கு மேல் ஏற்றினால் ப்ரொப்பெல்லர் காற்றை விழுங்கும். பிடிமானம் இல்லாமல் சுழன்று இஞ்சின் அலறும். அதைவிட மோசம், குளிர்விக்கும் தண்ணீர் நுழையும் வாய் அந்தக் காலில்தான் இருக்கிறது. அது காற்றை உறிஞ்சினால் இஞ்சின் சூடேறிப் போகும். பிளேட்டு படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ, ஓர் அங்குலம் வரை கீழேயோ இருப்பது பொதுவான கணக்கு. அதற்குள் எங்கே நிறுத்துவது என்பதைப் படகையும் தண்ணீரையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

குளச்சலில் அவர் கற்றது வேறு. அலையில் படகின் பின்புறம் எகிறும். எகிறும்போதெல்லாம் ப்ரொப்பெல்லர் வெளியே வந்து கத்தினால் கரை சேர முடியாது. அதனால் கடலில் இஞ்சினைச் சற்று ஆழமாகவே வைப்பார்கள். கபினியில் அலை ஏது? மாலைக் காற்றில் எழும் சிற்றலைதான். கடல் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் செலவும் சாரலும்தான் மிச்சம். வந்த புதிதில் அந்தப் பழக்கம் விடச் சில காலம் பிடித்தது என்றார்.

இரும்புக் குழாய்களை முக்காலியாகக் கட்டி, செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, இஞ்சினைத் தாங்கிப் பிடித்தார்கள். நூறு கிலோவை நெருங்கும் எடை. உதவிக்கு எச்.டி. கோட்டெப் பையன் ஒருவன். நான்கு போல்ட்டுகளையும் தளர்த்தி, கழற்றியதும் மெக்கானிக் உடனே ஏற்றவில்லை. வெறும் துளைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டுக் குடைந்து பார்த்தார். பைபருக்கு உள்ளே இருப்பது பிளைவுட். போல்ட்டு வழியாகத் தண்ணீர் கசிந்தால் வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே ஊறிப்போகும். பிறகு சுத்தியலின் பின்புறத்தால் பலகை முழுக்கத் தட்டினார். எங்கும் ஒரே ‘டக் டக்’. ஊறின இடம் ‘டொப்’பென்று சொல்லுமாம். அப்படிச் சொல்லியிருந்தால் அன்றைய வேலை வேறாகியிருக்கும்.

இஞ்சினின் பிடியில் மேலிருந்து கீழாக வரிசைத் துளைகள். ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் முக்கால் அங்குலம். பலகையில் புதிதாக எதுவும் துளைக்க வேண்டாம். இஞ்சினை உயர்த்தி, கீழ்த்துளையில் போல்ட்டைப் போட்டால் போதும். “ஸ்வல்ப மேலெ, ஸ்வல்ப மேலெ... சாக்கு!” கொஞ்சம் மேலே, போதும் என்று கன்னடத்தில். இரண்டு துளை ஏறியது. இப்போது பிளேட்டும் படகின் அடியும் ஒரே மட்டம். இஞ்சின் பலகையின் விளிம்பில் உட்காராமல் போல்ட்டில் தொங்குமே என்று இடையில் தேக்குச் சட்டம் ஒன்றைச் செருகினார்.

தண்ணீரில் இறக்கி நேராக ஓட்டியபோது படகு துள்ளியது. சாரல் நின்றுவிட்டது. நேற்றுவரை 5,000 சுற்றைத் தொடத் திணறிய முள் சுலபமாகத் தாண்டியது. விடுதிக்காரருக்கு வாயெல்லாம் பல். மெக்கானிக் ஒன்றும் சொல்லாமல் வேகத்தைக் குறைக்காமலே படகைச் சட்டென்று திருப்பினார். படகு சாய, ப்ரொப்பெல்லர் காற்றைப் பிடித்தது. இஞ்சின் ஓலமிட்டது, படகு நின்ற இடத்திலேயே நொண்டியது. கரைக்கு வந்து மறுபடி செயின் பிளாக்.

விடுதிக்காரர் விடவில்லை. திரும்பும்போது மெதுவாகத் திரும்பினால் போயிற்று. எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு கட்டையிலிருந்து தப்பும் அல்லவா என்றார். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. “முக்கால் இஞ்சுல கட்டை தப்பாது முதலாளி. கண்ணுல தப்பணும். மெதுவாப் போறதுல தப்பணும்” என்றார் மெக்கானிக். முன்னோக்கி ஓடும்போது இஞ்சினின் டில்ட் பூட்டைப் போட்டுவைக்கக் கூடாது, கட்டையில் மோதினால் கால் தானாக மேலே எகிற வழி இருக்க வேண்டும் என்று படகோட்டியைக் கூப்பிட்டுக் காட்டினார். ப்ரொப்பெல்லருக்கு நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் அடி வாங்கத்தான் இருக்கிறது. அது போனால் மாற்றலாம், கியர் போனால் பணத்துக்கு எங்கே போவது? இந்த வாதத்தில் நான் மெக்கானிக் பக்கம். ஆளை ஏற்றிப் போகிற படகு நேர்கோட்டில் மட்டும் ஓடும் என்று நம்பி அமைக்கக் கூடாது.

ஒரு துளை இறக்கினார். பிளேட்டு இப்போது அடிமட்டத்துக்கு முக்கால் அங்குலம் கீழே. பத்து ஆள் எடைக்கு மணல் மூட்டைகளை இருக்கைகளில் பரப்பி மறுபடி ஓட்டம். திருப்பத்தில் இஞ்சின் முனகியதோடு சரி. வேகம் கொஞ்சம் குறைந்தது, சாரல் வரவில்லை. பையன் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். இஞ்சினின் பக்கவாட்டில் மெல்லிய பீச்சலாகத் தண்ணீர் விழ வேண்டும். குளிர்விக்கும் பம்பு ஓடுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. “மூத்திரம் ஒழுங்காப் போவுதா பாருடே” என்று கத்தினார். தமிழ் தெரியாத பையனுக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் நன்றாகப் புரிகிறது.

போல்ட்டுகளை மறுபடி கழற்றி, துளை நிறையப் பசை தடவி, முறுக்கி முடித்த பிறகு ஒரு தகராறு பாக்கி இருந்தது. பெட்ரோல் டாங்க், இரண்டு பேட்டரி எல்லாவற்றையும் படகின் கடைக்கோடியில் அடைத்திருந்தார்கள். பின்புறம் இப்படி அமுங்கினால் தான் பார்த்த வேலையில் பாதி வீண் என்றார் மெக்கானிக். டாங்கை முன்னே தள்ளினால் ஓர் இருக்கை போகும் என்றார் விடுதிக்காரர். ஓர் இருக்கை என்றால் ஒரு டிக்கெட். பேசிப் பேசி, பேட்டரிகள் முன்னே போகட்டும், டாங்க் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிந்தது. அணை நிரம்பியதும் வந்து மறுபடி பார்ப்பதாகச் சொல்லி, அதற்கும் சேர்த்துக் கூலியை அப்போதே பேசி வாங்கிக்கொண்டார் குளச்சல்காரர்.